விரல் சொன்ன பறவை

அத்தியாயம் பதினொன்று

பாப்பா பெட்டியோடு வந்து இறங்கியதிலிருந்து அந்த வீட்டில் கதவுகள்கூடச் சத்தமாகவே மூடின.

பாப்பா என்றதும், இடுப்பில் வைத்துக் கொஞ்சுகிற வயது என்று இன்றைக்குத்தான் இந்தக் கதையைக் கையில் எடுத்தவர்கள் நினைத்துவிடக் கூடாது. நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பெண். வெளியூரில் பள்ளிக்கூடப் பஸ்களை நடத்தும் ஒரு கம்பெனியில், எந்த வண்டி எந்தத் தெருமுனையில் எப்போது நிற்க வேண்டும் என்று உத்தரவு போடும் வேலை. டிரைவர்களை அதட்டி அதட்டிக் குரல் தடித்துப் போயிருந்தது. அவளைப் பெற்ற பெரியவருக்கு மட்டும் அவள் இன்னும் பாப்பா. அவர் அப்படிக் கூப்பிடுவதால், அவருடைய மருமகளான அண்ணிக்கும் பாப்பா.

போன வாரம் அவள் வாசலில் நின்று மணியடித்துக்கொண்டே இருந்தாள். உள்ளே கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கதவைத் திறக்கவில்லை. வேலை முடிந்து வந்த மருமகள்தான் சாவி போட்டுத் திறந்தாள். குளித்துக்கொண்டிருந்ததாகப் பெரியவர் சொன்னார். தலை காய்ந்திருந்தது. பாப்பா அந்தத் தலையையே பார்த்தாள். அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் தன் பேச்சை நறுக்கென்று முடித்துவிட்டாள்.

"அப்பாவுக்குக் கண்ணும் காதும் சரியா இருந்தா இங்கேயே இருக்கட்டும். நான் தலையிடல. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் என்கூடக் கிளம்பி வரட்டும். என் வீட்ல கீழ் ரூம் காலியாத்தான் கெடக்கு."

பெரியவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, பார்ப்போம் என்றார். மருமகளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் அவள் என்னவென்று சொல்லியிருப்பாள்? கட்டியவன் இறந்துபோய் ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. பிள்ளை குட்டி இல்லை. பிறந்த வீடு என்று கைகாட்ட ஒரு வாசற்படியும் மிச்சமில்லை. மாமனாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதை ஒரு குடும்பம் என்று சொல்லலாம். மாமனார் போய்விட்டால் மிச்சமிருப்பது குடும்பம் இல்லை, ஒரு வீட்டில் ஒரு பெண். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

வருடத்தில் ஒரு வாரக் கடைசி, குளிர் விட்டு மரங்கள் தளிர்க்கும்போது, அந்தப் பேட்டைக்காரர்கள் சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் பழைய செங்கல் சூளைப் பள்ளத்துக்குப் போய் உட்காருவார்கள். சூளை மூடி வெகுகாலம் ஆகிறது. மழைநீர் தேங்கிப் பள்ளம் ஏரியாகிவிட்டது. நாணல் வளர்ந்து, நாணலைத் தேடித் தவளை வந்து, தவளையைத் தேடிப் பாம்பும் பறவையும் வந்தன. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கே பறப்பது, ஊர்வது, பூப்பது என்று கண்ணில் படுவதையெல்லாம் பதிவு செய்ய வேண்டும். மருந்துக்கடைக்காரர்தான் இதற்குத் தலைவர். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை ஒரு நாளும் ஊதமாட்டார், பறவைகள் பறந்துவிடும் என்ற பயம்.

அவர் வைத்த சட்டம் ஒன்றுதான். கண்ணால் பார்த்ததற்கு ஒரு ஆள் சொன்னால் போதும். காதால் கேட்டதற்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெயரைச் சொல்ல, இன்னொருவர் ஆமாம் கேட்டேன் என்று சொன்னால்தான் அவர் தன் போனில் ஏற்றுவார்.

பெரியவருக்கு அங்கே பெயர் 'காது'. பட்டறையில் இருந்த காலத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர். ஓடுகிற இன்ஜின் மேல் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டி, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்த இன்ஜின்களே மெல்ல மெல்ல அவர் காதைத் தின்றுவிட்டன. அது அவருக்குத் தெரியும். மருமகளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

கனமான ஓசையெல்லாம் இன்னும் கேட்கும். லாரி கேட்கும், மருந்துக்கடைக்காரரின் குரல் கேட்கும், பாப்பாவின் அதட்டல் நன்றாகவே கேட்கும். அதனால்தான் அவளிடம் இன்னும் குட்டு உடையவில்லை. மெல்லியதும் கூர்மையானதும்தான் போய்விட்டன. வாசல் மணி, கொதிக்கிற கெட்டில், பறவைகளில் பாதி. மருமகளின் குரலும் அந்தப் பட்டியலில்தான். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து, யார் செத்தாலும் பிழைத்தாலும் ஒரே தணிந்த குரலில் "இணைக்கிறேன், இருங்க" என்று சொல்லிப் பழகிய தொண்டை அது. வீட்டில் அவள் அவருடைய முகத்துக்கு நேரே வந்து நின்று உதடு தெரியும்படி பேசுவாள். முதுகுக்குப் பின்னால் பேசியதே இல்லை.

போன வருடம், மகன் போன பிறகு வந்த முதல் வசந்தத்தில், அவன் உட்காரும் இடத்தில் அவள் உட்கார்ந்தாள். பறவைகளைப் பற்றி அப்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீரை ஒட்டிச் சட்டென்று ஒரு கீச்சுக் குரல் கிழித்துக்கொண்டு போனதும், திடுக்கிட்டு மாமாவின் முழங்கையைத் தொட்டுவிட்டாள். மறுகணமே, "மீன்கொத்தி" என்றார் அவர். அவர் தண்ணீரைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் சட்டைக் கையில் இருந்த அவள் விரலைப் பார்த்துச் சொன்னார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அதைப் பற்றி அவர்கள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. சாயங்காலங்களில் பால்கனியில் உட்கார்ந்து, கேட்பதை அவள் தொட்டுச் சொல்ல, அது என்னவாக இருக்கும் என்று அவர் பருவத்தையும் நேரத்தையும் வைத்துச் சொல்ல, அப்படியே ஒரு பாஷை அமைந்துவிட்டது. முழங்கையில் ஒரு அழுத்தம் என்றால் மீன்கொத்தி. இரண்டு தட்டு வாலாட்டி. முழங்கையிலிருந்து மணிக்கட்டை நோக்கி ஒரு நீளத் தடவல் என்றால் கதிர்க்குருவி, அதன் பாட்டு அப்படித்தான் இழுத்துக்கொண்டே போகும்.

அவள் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்கக் குரல்களோடு இருக்கிறாள். ஒரு குரலும் அவளைத் தேடி வருவதில்லை. எல்லாம் வேறு யாரையோ கேட்டு வருகின்றன, அவள் வழிவிட்டு ஒதுங்குகிறாள். சாயங்காலம் அந்தச் சட்டைக் கையில் விரல் வைக்கும்போதுதான், இன்றைக்கு ஒருவரிடம் பேசினோம் என்று இருக்கும்.

சனிக்கிழமை ஒரு குறையும் இல்லாமல் போனது. பாப்பா வீட்டுத் தரகரைப் பார்க்கப் போயிருந்தாள். அவள் தொட, அவர் பெயர் சொல்ல, அவள் ஆமாம் போட, காதும் விரலும் தம் வேலையைக் கச்சிதமாகச் செய்தன. ஐயா இருக்கும்போது நமக்கு பைனாகுலர் எதற்கு, விற்றுக் காசாக்கிவிடலாம் என்று பேட்டைத் தையல்காரர் கேலி பேசினார். பெரியவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். இன்னும் ஒரு காலைப்பொழுது தாண்டிவிட்டால் போதும் என்று மருமகள் எண்ணியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மருமகள் ஃப்ளாஸ்கில் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது பாப்பா தலையைப் பின்னிக்கொண்டே சமையலறைக்கு வந்தாள்.

"நானும் வரேன் அண்ணி. அப்பா எப்படி இருக்காருன்னு பார்க்கத்தானே வந்தேன். வீட்ல உக்காந்து சுவத்தைப் பார்த்துட்டிருந்தா எப்படித் தெரியும்?"

மூடி சரியாகப் பொருந்தாமல் தேநீர் மருமகளின் விரலில் வழிந்தது. சுட்டது. விரலைக் குழாயடியில் காட்டினாள்.

பள்ளத்தின் கரையில் ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். பெரியவர் வழக்கம்போல் நாணலைப் பார்த்த ஓரத்தில் உட்கார்ந்தார். மருமகள் ஃப்ளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு நிமிர்வதற்குள், பாப்பா அப்பாவை ஒட்டி நடுவில் உட்கார்ந்துவிட்டாள். மருமகளுக்கு அந்தக் கோடி.

நடுவில் ஒரு ஆள். கை எட்டாது.

பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தாள். மருந்துக்கடைக்காரர் கையைக் கீழே கீழே என்று காட்டினார். ஆள் நின்றால் பறவை இறங்காதாம். பாப்பா முந்தானையைப் பிடித்து இழுத்து, ஏன் அண்ணி உங்களுக்கு இப்படி நிலை கொள்ளவில்லை என்று கேட்டாள். மருமகள் திரும்பத் தன் கோடியில் உட்கார்ந்தாள்.

காலை வெளிச்சம் தண்ணீரில் பரவிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் கரை நெடுக ஜோடி ஜோடியாக இருந்தார்கள். தையல்காரரும் அவர் மனைவியும் ஒரே போர்வையில். மருந்துக்கடைக்காரரின் மகள்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து. சூரியன் எல்லோர் மேலும் விழுந்தது. பெஞ்சின் அந்தக் கோடியில் மட்டும் ஒரு மரத்தின் நிழல் நகராமல் கிடந்தது.

மீன்கொத்தி கத்தியது. நல்ல தெளிவாக, வலமிருந்து இடமாக.

எல்லாத் தலைகளும் பெரியவர் பக்கம் திரும்பின. அவர் நாணலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. மருந்துக்கடைக்காரர் போனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பாப்பா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"மீன்கொத்தி," என்றாள் மருமகள்.

அவள் அங்கே வாய்விட்டுச் சொன்ன முதல் பெயர் அதுதான். தையல்காரர், அட, இந்தப் பொண்ணுக்குப் பேச வரும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது என்றார். மெல்லச் சிரித்தார்கள். சிரிப்பைக் கண்டு திரும்பிய பெரியவர், எல்லோர் பார்வையும் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து, மருமகளின் உதட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒரே நொடி.

"அவளே சொல்லட்டும்னுதான் சும்மா இருந்தேன்," என்றார் நிதானமாக. "எத்தனை நாளைக்கு என் வாயையே பார்த்துட்டிருப்பா?"

மருந்துக்கடைக்காரர் திருப்தியோடு தலையாட்டினார். பேச ஒருவர், ஆமாம் போட ஒருவர், கணக்கு நேராகிவிட்டது. பாப்பாவின் முகமும் தளர்ந்தது. மருமகளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதன் பிறகு கொஞ்ச நேரம் கண்ணால் பார்க்கிறவைதான் வந்தன. கொக்கு இறங்கியது. தும்பிகள் வந்தன. ஒரு முட்செடியில் பூ வந்திருப்பதை மருந்துக்கடைக்காரரின் சின்ன மகள் கண்டுபிடித்தாள். பாப்பாவே ஒரு ஆமையைக் காட்டினாள். காட்டிவிட்டு, தன் வேலையிடத்தில் எதையாவது காட்டினால் திட்டு விழும், இங்கே பதிவு பண்ணுகிறார்களே என்று சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்து மருமகள் பார்க்கவில்லை.

பெரியவர் அன்றைக்கு மகனுடைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். முழங்கையில் நூல் விட்டிருந்தது. மருமகள்தான் நூல் போட்டுத் தைத்திருந்தாள், வேறு நிறத்தில். பாப்பா அந்தத் தையலைப் பார்த்தாள். அண்ணன் போட்டு அவள் பார்த்திருந்த சட்டை. அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அப்பாவின் கையைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். முழங்கையில் கட்டைவிரலை வைத்து, மணிக்கட்டு வரைக்கும் மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

பெரியவர், தொட்ட விரல் யாருடையது என்று திரும்பிப் பார்க்காமல், நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கதிர்க்குருவி," என்றார் உரக்க. "நாணல் பக்கம்."

கரை முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. குளிருக்கு எங்கோ போயிருந்த கதிர்க்குருவி இந்த வருடம் இன்னும் திரும்பி வந்திருக்கவில்லை. பள்ளத்தின் மறுகரையில் போன மாதம் நாணலை வெட்டிவிட்டார்கள், இனிமேல் வருமோ வராதோ என்று ஆளுக்கு ஆள் கவலையில் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஏறக்குறைய ஓடி வந்தார். வந்தவர் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு இந்தக் கோடிக்கு வந்து, மருமகளின் எதிரே குனிந்தார். கண்ணில் நீர் கோத்திருந்தது அந்த மனிதருக்கு.

"நீங்களும் கேட்டீங்கதானே தங்கச்சி? ஒரு வார்த்தை சொல்லுங்க, ஏத்திடறேன்."

ஆமாம் என்று சொன்னால் போதும். யாருக்கும் நஷ்டமில்லை. ஒரு குருவி கூடுதலாக வந்ததாக ஒரு போனில் இருக்கும். பெரியவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், எப்போதும்போல, அவள் ஆமாம் என்பாள் என்ற நிச்சயத்தோடு. அவர் கணக்கில், அவள் விரல் சொன்னதைத்தானே அவர் சொன்னார்?

நாணல் அசையாமல் நின்றது. அங்கே ஒரு குருவியும் பாடவில்லை. அது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. அவளுடைய காது இத்தனை நாளும் ஒருதரம்கூட இல்லாததைச் சொன்னதில்லை. அவர் அவளை நம்பிச் சொன்ன ஒவ்வொரு பெயரும் நிஜம். அதை மட்டும்தான் அவளால் அவருக்குக் கொடுக்க முடிந்தது.

"எனக்குக் கேக்கல அண்ணே," என்றாள்.

மருந்துக்கடைக்காரரின் முகம் வாடியது. ஒருவேளை காற்றடித்திருக்கும் என்று அவரே சமாதானம் சொன்னார். ஆனால் போனைப் பையில் வைத்துவிட்டார். சட்டம் சட்டம்தான். காது சொல்லி ஏறாமல் போன பதிவு இதுதான் முதல் என்று தையல்காரர் விளையாட்டாகச் சொல்ல வாயெடுத்தார், மனைவி இடித்தாள், பாதியில் விட்டுவிட்டார்.

பெரியவர் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். பட்டறையில் கூட நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன், முதலாளி வந்ததும் எனக்கு எதுவும் தெரியாது என்று கைவிரித்தால் எப்படிப் பார்ப்பாரோ, அப்படி. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவரிடம் எப்படிச் சொல்வது? அது என் விரல் இல்லை மாமா, உங்கள் பெண்ணுடையது என்று, பெண்ணை நடுவில் வைத்துக்கொண்டா?

வீட்டுக்குத் திரும்பும்போது பெரியவர் பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். மருமகள் ஃப்ளாஸ்கைத் தூக்கிக்கொண்டு பின்னால். தேநீரை யாரும் தொடவில்லை, கனம் குறையாமல் இருந்தது. சாலையைக் கடந்து, மூடிக்கிடக்கும் கிடங்குகளின் நீளச் சுவரை ஒட்டி நடந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆளரவமில்லை. சுவர், ஷட்டர், மறுபடி சுவர்.

அப்பா வாடிப்போய் வருவது பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு குருவிக்குப் போய் இவ்வளவு வருத்தமா அப்பா, விடுங்கள் என்றாள். சொல்லிக்கொண்டே, பிடித்திருந்த கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஆறுதலாகத் தடவிக் கொடுத்தாள்.

பெரியவர் நின்றுவிட்டார். திரும்பி மருமகளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெற்றி.

"இப்ப? இப்பவும் கேக்கலியா உனக்கு? கதிர்க்குருவி. நான்தான் சொன்னேன்ல."

சொன்ன பிறகுதான் அவள் எவ்வளவு பின்னால் நிற்கிறாள் என்று பார்த்தார். கை எட்டாத தூரம். வெற்றி அவர் முகத்திலேயே மெல்லக் குழம்பியது. அவள் கைகள் இரண்டிலும் ஃப்ளாஸ்க் இருந்தது.

பாப்பா சுவரைப் பார்த்தாள். ஷட்டரைப் பார்த்தாள். அங்கே ஒரு செடிகூட இல்லை. கடைசியில் தன் கட்டைவிரலைப் பார்த்தாள், அதில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பதைப்போல.

வீடு வந்து சேர்ந்தார்கள்.

பெரியவர் நேரே பால்கனிக்குப் போனார். முக்காலியில் உட்கார்ந்து, கூடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு குச்சியால் ஷூவில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்ட ஆரம்பித்தார். சேறு போன பிறகும் சுரண்டினார்.

பாப்பா சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு அதன்மேலேயே சாய்ந்து நின்றாள். வந்ததிலிருந்து முதல்தடவையாகச் சத்தமில்லாமல் ஒரு கதவைச் சாத்தினாள்.

"எவ்வளவு நாளா அண்ணி?"

"போன வசந்தத்திலேருந்து."

"ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கறீங்க. காது டாக்டர் உங்களுக்கு ரெண்டு மாடி மேல உக்காந்திருக்கார். ஒரு தடவை கூட்டிட்டுப் போகத் தோணலியா?"

"தோணுச்சு."

"அப்புறம்?"

"கூட்டிட்டுப் போனா உனக்குத் தெரிஞ்சிடும்."

பாப்பா கையைக் கட்டிக்கொண்டாள். பிறகு, அப்பாவின் மானத்தைக் காப்பாற்றத்தான் இதையெல்லாம் செய்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றாள்.

"சொல்லல. எனக்காகத்தான் செஞ்சேன்."

இவ்வளவு நேராக வரும் என்று பாப்பா எதிர்பார்க்கவில்லைபோலும்.  பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் போய்க் குழாயை இறுக்கினாள்.

"நானும் அப்பா கையைப் பிடிச்சு எவ்வளவோ வருஷமாச்சு," என்றாள் குழாயைப் பார்த்துக்கொண்டே. குரல் தடிப்பை இழந்திருந்தது. "இன்னைக்குப் பிடிச்சேன். என்னன்னு நெனைச்சாரு பாருங்க. குருவின்னு நெனைச்சுட்டாரு."

அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. மருமகள் ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். பாப்பா அதை வாங்கி முகத்தை அழுந்தத் துடைத்தாள். துடைத்துவிட்டு, பழைய குரலைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டதுபோல நிமிர்ந்தாள்.

பேசினது பேசினதுதான் என்றாள். நாளைக்கு அடுப்பில் கேஸ் கசிந்தாலோ, பின்னால் லாரி வந்தாலோ, அண்ணி ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரத்தில் யார் தொட்டுச் சொல்வார்கள்? மருமகள் துண்டை வாங்கி மடித்தாள்.  சாயங்கால பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று சொல்லிவிட்டு, பாப்பா பெரியவரின் அறைக்குப் போய்ப் பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினாள்.

பீரோ திறக்கிற சத்தம். ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம். மருமகளுக்கு எல்லாம் கேட்டது. எந்தச் சட்டை எடுக்கப்படுகிறது என்றுகூடச் சொல்லிவிடுவாள்போல இருந்தது. இதே வீட்டில் இதே சத்தங்களை அவள் ஒருதரம் கேட்டிருக்கிறாள், கட்டியவனின் துணிகளை எடுத்துக் கட்டியபோது. அன்றைக்கும் அவள் கூடத்தில்தான் நின்றாள். வாய்விட்டு அழவில்லை. என்ன நெஞ்சழுத்தம் இந்தப் பெண்ணுக்கு என்று வந்தவர்கள் காதோடு காதாகப் பேசினார்கள். அதுவும் கேட்டது.

பால்கனிக்குப் போனாள். பெரியவரின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். சுற்றிக்கொண்டு முன்னால் போய் நிற்க இடமில்லை, முக்காலிக்கும் கம்பிக்கும் நடுவே அவர் கால்கள்தான் இருந்தன. தோளைத் தொடலாம் என்று கை உயர்ந்தது. வேண்டாம் என்று இறக்கிக்கொண்டாள். இனிமேல் அந்தத் தொடுதலை அவர் என்னவென்று எடுத்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மாமா," என்றாள். "போகாதீங்க."

குச்சி ஷூவின் அடியில் கரகரவென்று சுரண்டியது.

"மாமா. நீங்க போகாதீங்க."

சுரண்டல் நிற்கவில்லை. உள்ளே ஹேங்கர் சத்தம்தான் நின்றது.

"சத்தமாச் சொல்லுங்க அண்ணி," என்று அறைக்குள்ளிருந்து பாப்பாவின் குரல் வந்தது. "எனக்குக் கேக்குது. அவருக்குக் கேக்கல."

அது குத்தலா, உதவியா என்று யோசிக்க நேரமில்லை. மருமகள் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எதிர்ப் பால்கனியில் ஒரு பெண் ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தாள். கீழே தெருவில் மருந்துக்கடைக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், விசில் இன்னும் கழுத்தில். இதைச் சொன்னால் இந்தத் தெருவே கேட்கும். 'காது' என்ற பெயர் இத்தோடு போய்விடும். சொல்லாவிட்டால் சாயங்காலம் பஸ் அவரோடு போய்விடும்.

"மாமா!"

தன் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. குச்சி நின்றது.

"காலைல அது குருவி இல்ல! நான் தொடல! பாப்பா உங்க கையைத் தடவிக் குடுத்தா! ரெண்டு தடவையும் பாப்பாதான்! பாசத்துல தடவினா, அவ்வளவுதான்!"

எதிர்ப் பால்கனியில் துணி உதறுவது நின்றது. கீழே சைக்கிள் நின்றது. மருந்துக்கடைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, பார்த்திருக்கக் கூடாது என்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் நகரவில்லை.

தன் பக்கத்துக்குச் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, முதலில் பாப்பாவின் பக்கத்துக்குச் சொல்லியாயிற்று. இனி அவர் பெண்ணோடு கிளம்புவதற்கு ஒரு தடையும் இல்லை. அது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. சொல்லாமல் வைத்துக்கொண்டு, அவருடைய ஏமாற்றத்தில் பங்கு போட்டுக்கொண்டு, இந்த வீட்டில் அவளால் உட்கார்ந்திருக்க முடியாது.

மூச்சு வாங்கியது. மிச்சத்தையும் கத்தினாள்.

"நீங்க போயிட்டா எங்கூட ஒரு வார்த்தை பேச ஆள் இல்ல மாமா! எனக்கு இந்த உலகத்துல வேற யாரும் இல்ல!"

 இப்படி ஒரு வாக்கியத்தை யாரும் யாரிடமும் காதோரமாகத்தான் சொல்வார்கள். அவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பெரியவர் மெல்லத் திரும்பினார். மடியில் ஒரு ஷூ, கையில் குச்சி. கண்கள் அவளுடைய உதட்டைத் தேடவில்லை. அவள் முகம் முழுவதையும் பார்த்தார், வெகுநேரம்.

"கேட்டுச்சும்மா," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை. எது கேட்டது, முதலில் சொன்னதா, பிறகு சொன்னதா என்று அவளும் கேட்கவில்லை. 

உள்ளே பெட்டியின் ஜிப் மெல்ல ஓடத் தொடங்கியது. பாதியில் நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓடியது. அது மூடுகிற சத்தமா, திறக்கிற சத்தமா என்பது மட்டும், நாணலுக்குள் பாடாத குருவியையும் பாடவில்லை என்று அறிந்து சொன்ன அவள் காதுக்குப் பிடிபடவில்லை.